மறு: ‘இயக்கவழிக் கற்றல்’ சரியாக வருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

உடலை அசைத்து, செய்து பார்த்துக் கற்பதை ஆங்கிலத்தில் ‘கினெஸ்தெடிக்’ கற்றல் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘இயக்கவழிக் கற்றல்’ என்ற பரிந்துரையையும், கூடவே வந்த ‘உற்றறிதல்’, ‘மெய்க்கற்றல்’ போன்ற சொற்களையும் பார்த்தேன். ‘இயக்கவழிக் கற்றல்’ என்பதில் பாதிச் சொல்லைத்தான் பெயர்த்திருக்கிறோம் என்று எனக்குப் படுகிறது. அதன் கிரேக்க வேரில் அசைவும் இருக்கிறது, உணர்வும் இருக்கிறது. 1880-இல் ஹென்றி சார்ல்டன் பாஸ்டியன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தச் சொல்லை எடுத்தாண்டது கற்றலுக்காக அல்ல. கை எங்கே இருக்கிறது, கால் எப்படி மடங்குகிறது என்று உடம்பே மூளைக்குச் சொல்கிறதே, அந்தப் புலனுக்காக. கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொட முடிவது அதனால்தான்.

எனக்கு இது உறைத்தது ஒரு கடவுச்சொல்லால். தொலைபேசியில் கேட்டார்கள், தினமும் அடிப்பதுதான், வாயில் வரவில்லை. கடைசியில் வெறும் மேசைமேல் விரல்களை ஓட்டி, எந்த விரல் எங்கே போகிறது என்று பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். விரலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை! ‘இயக்கம்’ என்ற சொல்லில் இந்த உணர்வு வரவே இல்லை. போதாததற்கு இயக்குநர், இயங்குதளம், அரசியல் இயக்கம் என்று அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

‘உற்றறிதல்’, அதாவது தொட்டு அறிதல், அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் தொல்காப்பிய மரபியலில் அது ஓரறிவு. புல்லுக்கும் மரத்துக்கும் உள்ளது. அதில் தொடுகை உண்டு, அசைவு இல்லை. மணற்காகித எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் மாண்டிசோரி வகுப்புக் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். சொரசொரப்பை உணர்வது தோல்; ‘அ’வின் சுழியில் கை எப்படி வளைந்து திரும்பியது என்பதை உணர்வது வேறு புலன். இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன, என்றாலும் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். ‘மெய்’ என்றால் உடம்பு என்றாலும் ‘மெய்க்கற்றல்’ வேண்டவே வேண்டாம், மற்றதெல்லாம் பொய்க்கற்றலா என்று கேட்பார்கள்.

என் பரிந்துரை: புலனுக்கு ‘அசைவுணர்வு’, அதன் வழியாகக் கற்பதற்கு ‘அசைவுணர்வழிக் கற்றல்’. தொட்டுக் கற்பது ‘தொடுவழிக் கற்றல்’. இரண்டையும் அடக்கிப் பொதுவாகப் பேசும்போது ‘செய்துகற்றல்’ போதும். ‘செய்முறை’ என்றால் ஆய்வகத் தேர்வும் சமையல் குறிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன.

இன்னொன்று. ‘அசைவுணர் கற்பவர்’ என்று ஆளுக்கு ஒரு பெயர் சூட்டும் யோசனையை விட்டுவிடலாம். பார்த்து, கேட்டு, படித்தெழுதி, செய்து என்று கற்கும் பாணியை நான்காகப் பிரிக்கும் நீல் ஃப்ளெமிங்கின் ‘வார்க்’ வினாத்தாள் 1992-இல் வந்த பிறகு இந்த வகைப்பாடு எங்கும் பரவியது, சரி. ஆனால் ஒருவரின் பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் அவர் கூடுதலாகக் கற்கிறார் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டார்கள். சைக்கிள் ஓட்ட எல்லோரும் ஓட்டித்தான் பழகுகிறோம். வரலாற்று ஆண்டுகளை யாரும் தடவிப் பார்த்துப் படிப்பதில்லை. பாடம்தான் வழியைத் தீர்மானிக்கிறது. மொழிபெயர்க்கும் இடத்தில் அந்தத் தொடர் வந்தால் ‘செய்துகற்பதை விரும்புபவர்’ என்று விரித்தே எழுதலாம்.

அப்புறம், எனக்கு ஒரு சிக்கல் தீரவில்லை. உடம்பு தன் நிலையையும் அசைவையும் தானே உணர்வதற்கு 1906-இல் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடலியங்கியல் அறிஞர் தந்த ‘ப்ரொப்ரியோசெப்ஷன்’ என்ற சொல், பாஸ்டியனின் சொல்லுக்கு ஒட்டிப் பிறந்தது மாதிரி. அதைத் தமிழில் ‘தன்னுணர்வு’ என்றால் தத்துவமாகிவிடுகிறது, ‘உடல்நிலை உணர்வு’ என்றால் காய்ச்சல் மாதிரி இருக்கிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.