புதுப்பிப்பு: 12வது வாரத்துல கேட்ட பிபி கேள்வி, குழந்தை பொறந்தாச்சு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மொத பிரசவத்துல 33 வாரத்துல பிபி ஏறி, யூரின்ல புரோட்டீன் வந்து (ப்ரீஎக்லாம்ப்சியான்னு சொல்வாங்க) அவசரமா ஆபரேஷன் ஆச்சு, இந்த தடவ முன்னாடியே கண்டுபிடிக்க வழி இருக்கான்னு கேட்டிருந்தேன்.

என்டி ஸ்கேனோடயே (குழந்தையோட கழுத்துப் பின்பக்கம் பாக்குற மூணாவது மாச ஸ்கேன்) கர்ப்பப்பை ரத்தக்குழாய் டாப்ளர் (ரத்த ஓட்டம் பாக்குறது), பிஎல்ஜிஎஃப் (நஞ்சுக்கொடி சுரக்குற ஒரு புரோட்டீன்) ரத்த டெஸ்ட் ரெண்டையும் சேத்து கேளுங்கன்னு ஒரு அக்கா சொன்னாங்கல்ல, அதான் கை குடுத்துச்சு. 12 வாரம் 4 நாள்ல எடுத்தோம், ரெண்டு கையிலயும் பிபி பாத்து, எடை, வயசு, பழைய கதை எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு ப்ரீஎக்லாம்ப்சியா திரும்ப வர 38-ல 1னு ரிஸ்க் சொன்னாங்க (100-ல 1ஐத் தாண்டினாலே ஹை ரிஸ்க்காம்). அன்னிக்கு ராத்திரியே ஆஸ்பிரின் 150 மில்லிகிராம், 36 வாரம் வரைக்கும். 16 வாரத்துக்கு முன்ன ஆரம்பிச்சாதான் நல்ல பலன்னு டாக்டர் அழுத்திச் சொன்னாங்க, ஆனா யாரும் நீங்களா வாங்கிப் போட்றாதீங்க. பூண்டு வைத்தியம் சொன்னவர் கோச்சுக்காதீங்க, அத ட்ரை பண்ணல.

38 வாரத்துல பொண்ணு, 2.8 கிலோ! எதிர்பாக்காதது என்னன்னா, பொறந்த 5வது நாள் ஒரே தலைவலி, பாத்தா பிபி 156/100. டெலிவரியோட எல்லாம் முடிஞ்சுதுன்னு பிபி மெஷின கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சிருந்தேன். ரெண்டு வாரம் மாத்திரை, இப்ப 118/76.