கனடாவில் என் வொர்க் பெர்மிட் (பி.ஜி.டபிள்யூ.பி.) முடிய 7 வாரம்தான், நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) இன்னும் வரவில்லை: நர்ஸ் வேலையைத் தொடர முடியுமா?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் பதற்றத்தில் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு ஒன்டாரியோவுக்கு வந்து இரண்டு வருடம் படித்தேன். அப்புறம் ஆர்.பி.என். (நடைமுறை நர்ஸ்) பதிவு கிடைத்தது, இப்போது ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் முழுநேர வேலை. புள்ளி அடிப்படையில் பி.ஆருக்கு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், சுகாதாரத் துறைக்கான டிராவில் (அழைப்புச் சுற்றில்) எனக்கு விண்ணப்பிக்க அழைப்பு வந்தது. பிப்ரவரியில் பி.ஆர். விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தேன். விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்று ஏ.ஓ.ஆர். கடிதமும் அன்றைக்கே வந்துவிட்டது. மெடிக்கல் ஜனவரியிலேயே முடிந்தது.

பிரச்சினை என்னவென்றால், இங்கே படித்து முடித்ததற்காகக் கிடைத்த என் பி.ஜி.டபிள்யூ.பி. ஜூன் 19-இல் முடிகிறது. அதை ஒரு முறைதான் தருவார்கள், நீட்டிக்க முடியாது. "புது பெர்மிட் கையில் இல்லையென்றால் 20-ஆம் தேதியிலிருந்து உன்னை ஷிப்ட்டில் போட முடியாது" என்று ஹெச்.ஆர். சொல்லிவிட்டார்கள். தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஓர் ஏஜென்ட் பேசினார். எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க முதலாளி வாங்கும் அரசு ஒப்புதல்) வாங்கித் தருகிறாராம், அதற்கு அவர் கேட்கும் தொகை என் பல மாதச் சம்பளம். பி.ஆருக்கும் அது கைகொடுக்கும் என்கிறார்.

பி.ஆர். வரும்வரை வேலையை விடாமல் இருக்க உண்மையில் என்ன வழி? நான் பார்த்துக்கொள்ளும் மாடியில் 30-க்கு மேல் முதியவர்கள் இருக்கிறார்கள், இப்போதே ஆள் பற்றாக்குறை. நான் வீட்டில் உட்கார்ந்தால் எனக்கு மட்டும் கஷ்டமில்லை.

---

இரவு ஷிப்ட் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு டாலர் கூடக் கொடுக்காதே. எல்.எம்.ஐ.ஏ. கட்டணம் 1,000 டாலர், அதைக் கட்ட வேண்டியவர் முதலாளி. தொழிலாளியிடமிருந்து அதை வசூலிப்பது சட்டப்படி குற்றம். பி.ஆருக்குக் கைகொடுக்கும் என்பதும் பழைய கதை. வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கொடுத்துவந்த புள்ளிகளை 2025 மார்ச் 25-லேயே எடுத்துவிட்டார்கள். உனக்கு அழைப்பும் வந்து விண்ணப்பமும் போய்விட்டது, இனி புள்ளிகளை வைத்து என்ன செய்யப் போகிறாய்? யாரிடமாவது ஆலோசனை கேட்டே ஆக வேண்டும் என்றால் வழக்கறிஞரிடமோ உரிமம் பெற்ற கன்சல்டன்ட்டிடமோ போ. கன்சல்டன்ட்டின் பெயர் அவர்களுடைய ஒழுங்குமுறைக் கல்லூரியின் பொதுப் பட்டியலில் இருக்கிறதா என்று நீயே பார்த்துவிட்டுப் போ.

உனக்கான வழி பிரிட்ஜிங் ஓப்பன் வொர்க் பெர்மிட். பி.ஆர். விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்காகவே இருப்பது. நீ கனடாவுக்குள் இருக்க வேண்டும், பி.ஆர். விண்ணப்பத்தில் முதன்மை விண்ணப்பதாரராக இருக்க வேண்டும், கையில் செல்லுபடியாகும் பெர்மிட் இருக்க வேண்டும். உனக்கு இது மூன்றும் இருக்கிறது. குடிவரவுத் துறையான ஐ.ஆர்.சி.சி.யின் கணக்கு வழியாக ஆன்லைனில் 5710 படிவம், கட்டணம் 155 டாலரும் ஓப்பன் பெர்மிட்டுக்குத் தனியாக 100 டாலரும், மொத்தம் 255. வந்துவிட்டால் எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம்.

ஆனால் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த ஏ.ஓ.ஆர். நீ "சமர்ப்பி" பட்டனை அழுத்தியதும் கணினி தானாக அனுப்புவது. எல்லாக் காகிதமும் முழுமையாக இருக்கிறதா என்று ஓர் அதிகாரி பார்ப்பது அதற்கப்புறம்தான். விதி எண்ணை வைத்து அதை ஆர்10 என்று சொல்வார்கள். அந்தச் சோதனை முடிந்திருந்தால்தான் பிரிட்ஜிங் பெர்மிட் கிடைக்கும். முடிவதற்கு முன்பே விண்ணப்பித்து நிராகரிப்பு வாங்கிய இரண்டு பேரை எனக்கே தெரியும். இன்றைக்கே 5 டாலர் கட்டி உன் ஜி.சி.எம்.எஸ். குறிப்புகளை (உன் கோப்பில் அதிகாரிகள் பதிந்து வைத்திருப்பவற்றை) கேட்டு விண்ணப்பம் போடு. வர ஒரு மாதம் ஆகலாம், தாமதமும் ஆகலாம், அதனால்தான் இன்றைக்கே என்கிறேன். சோதனை முடிந்தது என்று தெரிந்தால் அன்றே பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிடு. குறிப்புகள் வராவிட்டாலும் ஜூன் 19-ஐ மட்டும் தாண்டிவிடாதே.

ஹெச்.ஆர். சொல்வது தவறு. பழைய பெர்மிட் முடியும் முன் புதியதற்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய பெர்மிட்டின் அதே நிபந்தனைகளோடு வேலையைத் தொடரலாம். இதைத்தான் மெயின்டெயின்ட் ஸ்டேட்டஸ் என்கிறோம். உன்னுடையது ஓப்பன் பெர்மிட் என்பதால் காத்திருக்கும் காலத்திலும் அது ஓப்பன்தான். வேலையைத் தொடரலாம் என்று ஐ.ஆர்.சி.சி. ஒரு கடிதம் அனுப்பும், அதையும் கட்டண ரசீதையும் ஹெச்.ஆரிடம் கொடு. அந்தக் கடிதத்தில் ஒரு தேதி இருக்கும், அது தாண்டினாலும் முடிவு வராதவரை உன் உரிமை தொடரும்.

இனி சொல்லப்போவது நம்மைப் போல் மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கு. மற்ற வேலைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. பெர்மிட் கையில் வந்ததும் அடியில் இருக்கும் நிபந்தனைகளைப் படி. குழந்தைப் பராமரிப்பு, பள்ளி ஆசிரியர் பணி, சுகாதாரச் சேவை இவற்றில் வேலை செய்ய அனுமதி இல்லை என்று ஒரு வரி வரக்கூடும். ஐ.ஆர்.சி.சி. அங்கீகரித்த மருத்துவரிடம் செய்த பரிசோதனை நடப்பில் இல்லாவிட்டால் அந்த வரியைப் போட்டுவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் வந்தது. ஓப்பன் பெர்மிட் என்ற சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை, வேலை செய்த இடத்தில்தான் கவனித்தார்கள். அன்று மாலை ஷிப்ட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்ப மெடிக்கல், திரும்ப விண்ணப்பம், திரும்பக் கட்டணம், ஆறு வாரம் சம்பளம் இல்லை. பேருந்தில் அழுதுகொண்டே வந்த அந்தச் சாயங்காலம் இன்னும் மறக்கவில்லை.

உன் மெடிக்கல் ஜனவரியில் முடிந்தது நல்லதாகப் போயிற்று. 2025 ஆகஸ்ட் 21-லிருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்காரர்கள் பி.ஆர். விண்ணப்பத்தோடு சேர்த்தே மெடிக்கலை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள், அதன் முடிவு 12 மாதம் செல்லும். மெடிக்கல் முடிந்ததற்கான தாளை இந்த விண்ணப்பத்திலும் இணைத்துவிடு. ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதமும் எழுது: நான் ஆர்.பி.என்., நோயாளிகளோடு நேரடி வேலை, பரிசோதனை இந்தத் தேதியில் முடிந்தது, சுகாதாரத் துறைக்கான தடை இல்லாமல் தாருங்கள் என்று. அவர்கள் கேட்காவிட்டாலும் எழுது.

பாஸ்போர்ட் எப்போது முடிகிறது? பெர்மிட் அதற்கு மேல் நீளாது.

---

அட்லாண்டிக் கரை எழுதியது:

இரவு ஷிப்ட் அக்கா சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. நான் குடும்ப மருத்துவர், மாகாண நியமனத்தில் (பி.ஆருக்கு ஒரு மாகாணமே ஆளைத் தேர்ந்து பரிந்துரைக்கும் வழியில்) வந்தவன். எங்கள் பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு என்பதால் இதையும் எழுதி வைக்கிறேன், வேறு யாராவது தேடி வருவார்கள்.

மாகாண நியமனம் கிடைத்தவர்கள் எல்லோருக்கும் பிரிட்ஜிங் பெர்மிட் கிடைத்துவிடாது. நியமனத்தில் குறிப்பிட்ட முதலாளியிடம்தான் வேலை என்ற கட்டுப்பாடு இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். அப்போது மாகாணம் தரும் ஆதரவுக் கடிதத்தை வைத்து எல்.எம்.ஐ.ஏ. இல்லாமலே முதலாளி பெயரில் பெர்மிட் வாங்கலாம். முதலாளி தன் கணக்கில் வேலை விவரத்தைப் பதிந்து 230 டாலர் கட்ட வேண்டும், அதையும் உங்களிடம் திருப்பிக் கேட்கக் கூடாது. எனக்கு அப்படித்தான் நடந்தது. பி.ஆர். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இதைச் செய்ய முடியும் என்பது இதில் உள்ள வசதி.

சிக்கலும் உண்டு. அந்தப் பெர்மிட்டோடு வார இறுதியில் பக்கத்து ஊர் வாக்-இன் கிளினிக்கில் போய் நோயாளி பார்க்க முடியாது. அங்கே டாக்டரே இல்லை என்று தெரிந்தும் நான் மறுக்க வேண்டியிருந்தது. பின்னாளில் ஓப்பன் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தாலும், அது கையில் வரும்வரை பழைய கட்டுப்பாடுதான் தொடரும். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு இரண்டாவது வேலையைத் தொடங்கினால் அது அனுமதியில்லாத வேலையாகிவிடும், பி.ஆரையே பாதிக்கும்.

டாக்டர்கள் இன்னும் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்கும் நோயாளிக்கு ஏற்ப மாகாணத்திடம் கட்டணம் வாங்கும் மருத்துவர்களை முன்பு சுயதொழில் செய்பவர்கள் என்று கணக்கிட்டு, இங்கே செய்த வேலையை எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அனுபவமாக எடுக்க மாட்டார்கள். 2023-இல் அந்தத் தடையை விலக்கினார்கள். அப்புறம் 2025 டிசம்பரில் கனடாவில் ஒரு வருட அனுபவம் உள்ள மருத்துவர்களுக்கென்று தனிப் பிரிவு அறிவித்தார்கள். மாகாணங்கள் உரிமம் பெற்ற மருத்துவர்களை நியமிக்க 5,000 இடமும் ஒதுக்கினார்கள், அப்படி நியமிக்கப்பட்டவர்களின் பெர்மிட்டை 14 நாளில் பார்ப்போம் என்றார்கள். நர்ஸ்களுக்கும் அந்த 14 நாளைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என் கிளினிக் நர்ஸ்கள் இல்லாமல் ஒரு நாள் கூட ஓடாது.

---

வைகைக்கரை எழுதியது:

அக்கா, டாக்டர், இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பாஸ்போர்ட் 2031 வரை இருக்கிறது. ஜி.சி.எம்.எஸ். குறிப்புகளுக்கு இப்போதே 5 டாலர் கட்டிவிட்டேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு என்கிறார்கள், ஜூலையில் ஊருக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வரலாமா? அதற்குள் புது பெர்மிட் வராவிட்டால்? அப்படியே அமெரிக்க எல்லைக்குப் போய்த் திரும்பினால் உடனே பெர்மிட் அடித்துத் தருவார்கள் என்று கூட வேலை செய்பவர் ஒருவர் சொன்னார், அது நிஜமா?

---

பனிக்காலப் பறவை எழுதியது:

எல்லை விஷயம் முடிந்த கதை. 2024 டிசம்பர் 23 இரவோடு அதை நிறுத்திவிட்டார்கள். வொர்க் பெர்மிட்டுக்காக எல்லைக்குப் போய்த் திரும்பி வருவது இனி நடக்காது.

ஊர்ப் பயணம் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் மருத்துவ ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பழைய பெர்மிட் முடிந்து, புதியதற்குக் காத்திருந்த நேரத்தில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. கிளம்பிப் போனேன். விசா செல்லுபடியில் இருந்ததால் திரும்பி வரும்போது உள்ளே விட்டார்கள், ஆனால் பார்வையாளராக. விண்ணப்பித்துவிட்டுக் கனடாவுக்குள்ளேயே இருந்தால்தான் அந்தத் தொடரும் வேலை உரிமை. வெளியே காலை வைத்தால் அது போய்விடும், புது பெர்மிட் வந்த பிறகுதான் மறுபடி வேலை. எனக்கு ஒன்பது வாரம் ஆயிற்று. அம்மாவின் பக்கத்தில் இருந்ததற்கு வருத்தப்படவில்லை, தெரியாமல் போனேனே என்றுதான் வருத்தம். தெரிந்திருந்தால் முன்பே கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்திருப்பேன், வேலையிடத்திலும் சம்பளமில்லா விடுப்பு எழுதி வாங்கியிருப்பேன்.

உங்கள் விசா ஸ்டிக்கர் எப்போது முடிகிறது என்றும் பாருங்கள். பெர்மிட் வேறு, உள்ளே வரும் விசா வேறு, ஒன்று இருப்பதால் மற்றது இருக்கிறது என்று அர்த்தமில்லை. முடியுமென்றால் ஜூன் 19-க்கு முன்னால், பழைய பெர்மிட் உயிரோடு இருக்கும்போதே போய்வாருங்கள். திரும்பி வந்து முடியும் தேதிக்குள் விண்ணப்பித்தால் போதும்.

---

இரவு ஷிப்ட் எழுதியது:

பறவை சொல்வதைத்தான் நானும் சொல்வேன். போவதென்றால் மே மாதமே போய்வா. அப்பாவைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே.

விட்டுப்போனது இரண்டு. உன் சின் எண் (வேலைக்கும் வரிக்குமான அரசு அடையாள எண்) 9-இல் தொடங்கும், அதற்கும் பெர்மிட்டின் தேதிதான். புது பெர்மிட் வந்ததும் சர்வீஸ் கனடாவில் மாற்றிவிடு. நர்ஸ்களுக்குப் பதிவு தரும் அமைப்பான நர்சிங் கல்லூரியின் பதிவுக்கும் வேலை உரிமைச் சான்று வேண்டும், ஹெச்.ஆருக்குக் கொடுக்கும் அதே கடிதத்தை அங்கேயும் ஏற்றிவிடு.

---

வைகைக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஊருக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன், ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், நடக்கிறார். திரும்பி வந்த அன்று மின்னஞ்சலில் குறிப்புகள் காத்திருந்தன, முழுமைச் சோதனை ஏப்ரலிலேயே முடிந்திருக்கிறது. அன்றிரவே பிரிட்ஜிங் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தேன். மெடிக்கல் தாளும் விளக்கக் கடிதமும் இணைத்தேன்.

தொடரும் உரிமை பற்றி ஐ.ஆர்.சி.சி. பக்கத்தில் இருப்பதை அச்செடுத்து ரசீதோடு ஹெச்.ஆரிடம் கொடுத்தேன். அவர்கள் தங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு, ஜூன் 20 சனிக்கிழமை காலை ஷிப்ட்டில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.