நாவலிலிருந்து தனுஷ்கோடி ரயிலை எடுத்த கதை

நான் நாவல் எழுத உட்கார்ந்ததே அந்த ரயிலுக்காகத்தான். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பாசஞ்சர், புயல், பேரலை, உள்ளே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். பெட்டிக்கு ஓர் அத்தியாயம், அத்தியாயத்துக்கு ஒரு பயணி, கடைசியில் எல்லாரும் கடலுக்குள். திட்டம் காகிதத்தில் பார்க்க அவ்வளவு அழகு.

எழுத எழுத ஆட்களுக்கு உயிரே வரவில்லை. ஒரு கிழவி அந்த ராத்திரியில் எதற்கு தனுஷ்கோடி போகவேண்டும்? பேரனுக்குக் காய்ச்சல் வரவைத்தேன், அது போதவில்லை என்று தம்பி மனைவிக்குப் பிரசவ வலி வரவைத்தேன். ரயிலில் ஏற்றுவதற்காகவே ஆளாளுக்கு ஒரு நோய்! படித்துப் பார்த்த நண்பன், "ரயில் எப்பக் கவிழும்னு பார்க்கத்தான்டா பக்கத்தைத் தள்ளினேன், பாட்டி பேருகூட ஞாபகம் இல்லை" என்றான்.

அந்தக் கிழவி ஒரே ஒரு இடத்தில் மட்டும் தானாக நடந்தாள். இலங்கைத் தலைமன்னாரிலிருந்து இர்வின் கப்பலில் வந்து இறங்கி, தனுஷ்கோடி சுங்கத்தில் தகரப் பெட்டியைத் திறக்கிறாள். மேலே புடவை, நடுவிலும் புடவை, அடியில் கிராம்பு. அதிகாரி கையை விடும் முன்பே வாசனை காட்டிக் கொடுத்துவிடுகிறது. "வயித்து வலிக்குங்க ஐயா" என்கிறாள். "ஊருக்கே வலியா?" என்கிறார் அவர். இந்தப் பக்கம் எந்தத் திட்டத்திலும் இல்லை, எழுதும்போது புயல் ஞாபகமும் எனக்கு வரவில்லை.

சரி என்று ரயில் அத்தியாயங்களை எல்லாம் வெட்டி வேறு ஃபைலில் போட்டுவிட்டு மிச்சத்தைப் படித்தேன். எங்கேயும் அறுந்து தொங்கவில்லை. அத்தனை பெரிய விபத்தை எடுத்தும் கதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அது கதைக்குள்ளேயே இல்லை என்றுதானே அர்த்தம்? இப்போது நாவல் அதே வருடம் அக்டோபர் 30 அன்று, இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் முடிகிறது. இலங்கையில் நாடற்றுக் கிடந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மலையகத் தோட்டத்தில் இருக்கும் மகள் எந்தக் கணக்கில் வருவாள் என்று கிழவிக்குத் தெரியாது. டிசம்பரில் என்ன வரப்போகிறது என்பது வாசகருக்குத் தெரியும், நான் வாயே திறக்கவில்லை.

* * *

அண்ணா, நீங்கள் ரயிலை வெட்டினதுபோல நான் என் கதையிலிருந்து வெட்டினது ஓர் ஆளை. என் கதை பவானி ஜமுக்காள நெசவு பற்றியது. சென்னையிலிருந்து வரும் ஒரு பத்திரிகைக்காரனை வைத்திருந்தேன், அவன் கேட்பான், நெசவாளர் குழித்தறியை, அதாவது தரைக்குழியில் கால்விட்டு உட்கார்ந்து நெய்யும் தறியை, விளக்குவார், வாசகருக்குப் புரிய வேண்டுமே என்ற பயம்தான். கேள்வி கேட்பதைத் தவிர பாவம் அவனுக்கு வேலையே கிடையாது. அவனை ஊருக்கு அனுப்பினதும், ஒரே தறியில் உட்கார்ந்து அகல ஜமுக்காளம் நெய்யும் அக்காவும் தங்கையும் கூலி பாக்கிக்காகச் சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அந்தச் சண்டையிலேயே தறியும் விளங்கிவிட்டது. ஆனால் அவன் பேசின நல்ல வசனம் ஒன்று இருக்கிறது, விட மனசு வரவில்லை. வெட்டின ஃபைலை நீங்கள் திரும்பத் திறப்பீர்களா?

* * *

திறப்பேன் தம்பி. ரயில் கார்டிடம் இருந்த அரிக்கேன் விளக்கு இப்போது சுங்க அதிகாரி மேசையில் இருக்கிறது. உன் வசனத்தை அந்த அக்காக்காரியைச் சண்டை நடுவில் சொல்லவைத்துப் பார். ஒட்டவில்லை என்றால் தங்கச்சியே "என்னடி பேப்பர்காரன் மாதிரி பேசுறே" என்று கேட்டுவிடுவாள்.