மும்பைக்குப் புதுசா குடிவந்தவங்களுக்கு: டிவி ரெக்கார்டர் பெட்டி வாங்கறதுக்கு முன்னாடி

கேள்வி (காட்கோபர்)
ஆபீஸ் லோயர் பரேல். வீடு வந்து சேர ஒன்பது ஆகுது. அம்மா ஆறரைக்கே சன் டிவி முன்னாடி உக்காந்துடறாங்க, பையனுக்கு கிரிக்கெட். இன்னொரு டிவி வாங்கலாமா, ரெக்கார்டிங் வர்ற டிஷ் பெட்டி போடலாமா? ரெக்கார்டர்னா என்னென்ன பாக்கணும்?

பதில் (செம்பூர்)
ரெக்கார்டர் போடுங்க சார். ஆனா கடைக்காரர் "ரெக்கார்டிங் உண்டு"ன்னு சொன்னதும் காசை நீட்டிடாதீங்க. டியூனர்னா சேனலைப் பிடிக்கற பாகம், அது எத்தனை இருக்குன்னு கேளுங்க. ஒரே டியூனர்னா, பதிவு ஓடும்போது பெரும்பாலும் அதே சேனலைத்தான் பாக்க முடியும். அம்மாவோட சீரியல் பதிவாகும், பையன் மேட்சு பாக்க முடியாது. அதுக்கு ரெக்கார்டரே வேண்டாம். ரெண்டு டியூனர்னா ஒண்ணைப் பதிவு பண்ணிக்கிட்டே இன்னொண்ணைப் பாக்கலாம்.

ரெண்டு டியூனருக்கு டிஷ்லேருந்து ரெண்டு கேபிள் இறங்கணும். டிஷ் முனையில சிக்னலை வாங்கற எல்என்பியும் ரெட்டை வாய் உள்ளதா இருக்கணும். புது அடுக்குமாடி டவர்கள்ல மொட்டைமாடியில பொது டிஷ் வச்சு, ஹாலுக்கு ஒரே ஒரு கேபிள் பாயிண்டுதான் கொடுத்திருப்பாங்க. அதை அப்படியே சொருகினா பெட்டி வேலை செய்யும், ஆனா ரெண்டாவது டியூனர் சிக்னல் இல்லாம கிடக்கும். ஒரு வாரம் கழிச்சு "பெட்டி சரியில்ல"ன்னு ஃபோன் போடறவங்க வீட்டுல முக்காவாசி இதுதான் விஷயம். டெக்னீஷியன் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சேனலைப் பதிவுல போட்டு, வேற மூணு நாலு சேனல் மாத்திப் பாத்துடுங்க.

தனி டிஷ்னா பில்டிங் சொசைட்டிகிட்ட (குடியிருப்புச் சங்கம்) முதல்லயே எழுதி அனுமதி வாங்குங்க. ஜன்னல் கிரில்ல மாட்டறதுன்னா, இங்கேருந்து டிஷ் தென்கிழக்கைப் பாக்கணும். சாட்டிலைட் நிக்கற தீர்க்கரேகை டாடா ப்ளேக்கு 83 டிகிரி கிழக்கு, சன் டைரக்டுக்கு 93.5, ஏர்டெலுக்கு 108. எண் ஏற ஏற டிஷ் இன்னும் கிழக்கே திரும்பும், கொஞ்சம் தாழும். அந்தப் பக்கம் பக்கத்து பில்டிங் மறைச்சா மொட்டைமாடிதான்.

ஆண்ட்ராய்டு பெட்டி வேற, ரெக்கார்டர் வேற. ஆப் நிறைய இருக்கறதால ஹார்டு டிஸ்க்கும் இருக்கும்னு நினைச்சுடாதீங்க.

பதில் (முலுண்ட்)
இடக் கணக்கு நான் சொல்றேன். எஸ்டி (சாதாரணத் தெளிவு) சேனல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி, எச்டி (அதிகத் தெளிவு) 3லேருந்து 4 ஜிபி. 500 ஜிபி டிஸ்க்ல பெட்டி தனக்குன்னு கொஞ்சம் ஒதுக்கிக்கும். மிச்சம் 400னு வச்சாலும் எச்டியில நூறு மணி நேரம் சொச்சம்தான். தினமும் மூணரை மணி நேரம், வாரம் ஆறு நாள் எச்டி சீரியல் பிடிச்சா அஞ்சாறு வாரத்துல டிஸ்க் ரொம்பிடும். சீரியலை எஸ்டியில பிடிங்க, சினிமாவையும் மேட்சையும் மட்டும் எச்டியில வைங்க.

ரொம்பினதும் சில பெட்டி பழசைத் தானா அழிக்கும், சிலது புதுசைப் பதியாம நிக்கும். உங்க பெட்டி எந்த ரகம்னு செட்டிங்ஸ்ல பாத்துக்குங்க. தானா அழிக்கற ரகம்னா, வேண்டியதுக்குப் பூட்டு போட்டு வைங்க.

அடுத்தது நேரம். தொடர் பதிவு வசதி சேனலோட நிகழ்ச்சிப் பட்டியலை நம்பித்தான் ஓடும். எபிசோடு மூணு நிமிஷம் தள்ளி ஆரம்பிச்சா க்ளைமாக்ஸ் வெட்டுப்படும். அதனால முன்னாடி 2 நிமிஷம், பின்னாடி 5 நிமிஷம் சேத்துக்குங்க. ஆனா இதுலயே ஒரு சிக்கல் இருக்கு. எட்டு மணி சீரியல் ஒரு சேனல், எட்டரை சீரியல் இன்னொரு சேனல்னா, சேத்த நிமிஷங்கள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ரெண்டு டியூனரையும் பிடிச்சுக்கும். அந்த ஏழு நிமிஷம் மேட்சு பாக்கறவருக்கு "பதிவை நிறுத்தவா?"ன்னு திரையில கேள்வி வரும். பையன் யோசிக்காம ஆமான்னு அழுத்துவான். வீட்டுல சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும்!

ஒரே சேனல்ல வரிசையா பாக்கறவங்களுக்குச் சுலபமான வழி உண்டு. தனித்தனியா போடாம, நேரம் கொடுத்துப் பதியற வசதியில 6.30லேருந்து 10.00 வரை ஒரே துண்டா போட்டுடுங்க. மகாசங்கமம்னு ரெண்டு சீரியலைச் சேத்து ஒரு மணி நேரம் ஓட்டற வாரத்துல பட்டியல்ல பேரு மாறிடும், தொடர் பதிவு கோட்டை விட்டுடும். நேரப் பதிவு விடாது.

பதில் (மாட்டுங்கா)
அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மூணு பட்டன் போதும்: பதிவுப் பட்டியல், ஓட்டு, வேகமா தள்ளு. ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிஷம் வரை விளம்பரம் போடலாம்னு விதி. அதையும் முன்கதையையும் தள்ளினா அரை மணி எபிசோடு இருபது நிமிஷத்துல முடியும். அதிவேகத்துல தள்ளினா காட்சியைத் தாண்டிடும், நடு வேகம் போதும். அழிக்கற பட்டனை மட்டும் முதல் மாசம் காட்டாதீங்க. பாத்து முடிச்சதும் "அழிக்கவா?"ன்னு பெட்டி கேக்கும்போது, இன்னும் பாக்காத ஆள் வீட்டுல இருக்காங்களான்னு யாரும் நினைக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை ஒருத்தர் உக்காந்து மொத்தமா அழிக்கறதுன்னு வச்சுக்குங்க.

கிரிக்கெட்டை மட்டும் தள்ளிப் பாக்க முடியும்னு நம்பாதீங்க. லைவை பாஸ் பண்ணி நிறுத்தி வச்சுட்டுச் சாப்பிடப் போனா, விக்கெட் விழுந்ததை எதிர் பில்டிங்கே கத்திச் சொல்லிடும். பாஸ்ல வச்சு சேனல் மாத்தினா, சேத்து வச்சதும் போயிடும்.

முக்கியமானது ஒண்ணு. ராத்திரி பிளக் சுவிட்சை அணைக்கற பழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு. காலையில போட மறந்தா அன்னிக்குப் பதிவே கிடையாது. ரிமோட்ல அணைச்சா போதும், சுவிட்ச் எப்பவும் ஆன்ல இருக்கட்டும். 15 வாட் இழுக்கற பெட்டின்னா மாசம் முழுக்கச் சுமார் 11 யூனிட்தான் ஆகும். உள்ள டிஸ்க் சுத்திக்கிட்டே இருக்கறதால சூடாகும். மூடின ஷோகேஸுக்குள்ள வைக்காதீங்க, சுத்தி நாலு விரல் இடம் விடுங்க, மேல பூச்சாடி வேண்டாம்.

ஜூன்லேருந்து செப்டம்பர் வரை மழை பலமா அடிக்கும்போது சிக்னல் போகும். அந்த நேரத்துப் பதிவுல ஓட்டை விழுந்திருக்கும், அதுக்கு மருந்து இல்ல. மே மாசமே டிஷ்ஷோட கோணத்தைச் சரி பாத்து, கேபிள் மூட்டுல தண்ணி இறங்காம டேப் சுத்தி வச்சா தூறலுக்கெல்லாம் போகாது. அப்படிப் போன எபிசோடை விஜய்க்கு ஜியோஹாட்ஸ்டார்லயும் சன்னுக்கு சன் நெக்ஸ்ட்லயும் பாத்துக்கலாம்.

கேள்வி (காட்கோபர்)
பெட்டியில யுஎஸ்பி வாய் இருக்கறதும் பாத்தேன். பென்டிரைவ் போதுமா?

பதில் (முலுண்ட்)
எஸ்டிக்கு ஓடும். எச்டிக்குப் பென்டிரைவ் வேகம் பத்தாம படம் திக்கும், வெளி ஹார்டு டிஸ்க் நல்லது. சின்ன டிஸ்க்குக்கு யுஎஸ்பி வாய் கொடுக்கற மின்சாரம் சில சமயம் பத்தாது. டிக் டிக்னு சத்தம் வந்து டிஸ்க் தெரியாமப் போனா, தனி அடாப்டர் உள்ளதா மாத்துங்க. சொருகினதும் ஃபார்மட் கேக்கும், அதுல இருக்கற கல்யாண ஃபோட்டோவெல்லாம் போயிடும். காலி டிஸ்க்கா கொடுங்க.

பதில் (டோம்பிவிலி)
பதிஞ்சதெல்லாம் நம்ம சொத்துன்னு நினைக்க வேண்டாம். வேற எதுலயும் ஓடாதபடி பெட்டி பூட்டுப் போட்டுத்தான் பதியும், கம்ப்யூட்டர்ல சொருகினா ஓடாது. ரீசார்ஜ் முடிஞ்சா பழைய பதிவும் ஓடாம நிக்கலாம். பெட்டி ரிப்பேராகி வேற பெட்டி வந்தா பழைய பதிவு அதுல ஓடாது. அதனால பெட்டி மாத்த ஆள் வர்ற தேதி தெரிஞ்சதும், மிச்சம் இருக்கறதை அம்மாவை முதல்ல பாத்து முடிக்கச் சொல்லுங்க.