லீகல் டிரான்ஸ்பிளாண்ட்: ‘சட்டப் பெயர்நடவு’ சரிவருமா?

வணக்கம்.

ஒப்பியல் குற்றவியல் நீதிக்கான சொற்பட்டியலில் ‘லீகல் டிரான்ஸ்பிளாண்ட்’ இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஒரு நாட்டின் சட்டத்தையோ சட்ட நடைமுறையையோ இன்னொரு நாடு எடுத்துத் தனதாக்கிக்கொள்வதைக் குறிக்க, 1974இல் சட்ட வரலாற்றாசிரியர் ஆலன் வாட்சன் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். உலகமயமாக்கல் பற்றிய பகுதியில் பக்கத்துக்குப் பக்கம் வருவதால் இனியும் தள்ளிப்போட முடியாது.

> ‘சட்ட இறக்குமதி’ என்றாலே எல்லோருக்கும் புரியுமே?

புரியும், ஐயா. ஆனால் இறக்குமதியான சரக்கு போய்ச் சேர்ந்த இடத்திலும் அதே சரக்குதான். சட்டம் அப்படி இருப்பதில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையில் சலுகை என்ற ‘ப்ளீ பார்கெய்னிங்’, அதாவது குற்ற ஒப்புதல் பேரத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பேரம் அரசுத் தரப்புக்கும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கும் இடையில். குற்றச்சாட்டையே மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். கூட்டாட்சி நீதிமன்றங்களில் நீதிபதி அந்தப் பேச்சில் தலையிடவே கூடாது. 1989இல் நடைமுறைக்கு வந்த இத்தாலியச் சட்டத்தொகுப்பில் தண்டனை அளவில்தான் உடன்பாடு, மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். குற்றச்சாட்டில் பேரம் கிடையாது. ஜெர்மனியில் பேச்சை நடத்துவதே நீதிமன்றம். ஒப்புதல் வாக்குமூலம் உண்டு, ஆனால் குற்றவாளியா இல்லையா என்பதைப் பேசி முடிக்க முடியாது. அங்கே இது நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் சத்தமில்லாமல் பழகிவந்த வழக்கம், 2009இல்தான் சட்டமானது. அமெரிக்க வரவு என்று அதைச் சொல்லலாமா என்பதே தனி வழக்கு!

> அப்படியானால் ‘சட்ட ஒட்டு’?

ஒட்டுக்கட்டிய மரத்தில் காய் ஒட்டிய கிளையின் குணத்தில்தான் காய்க்கும். இங்கே நடப்பது நேர்மாறு: போய்ச் சேர்ந்த மண்ணின் குணத்துக்குச் சட்டம் மாறிவிடுகிறது.

என் பரிந்துரை ‘பெயர்நடவு’. ஓரிடத்திலிருந்து பெயர்த்து வேறு மண்ணில் நடுவது. பெயர்த்து நட்டார்கள், பெயர்நட்ட விதி என்று வினையாகவும் எச்சமாகவும் வளைகிறது. இறக்குமதியைவிட அதில் எனக்குத் திருப்தி. ‘பெயர்’ என்றதும் பேர் என்று படித்துவிடுவார்களோ என்ற கவலை வேண்டாம், புலம்பெயர்வு பழகிய கண்ணுக்கு அது தடுக்காது. இன்னொரு வசதி: இந்தப் பேர விவகாரத்தையே ஆராய்ந்த மாக்சிமோ லாங்கர், 2004இல் டிரான்ஸ்பிளாண்டை விட்டு ‘மொழிபெயர்ப்பு’ என்ற உருவகத்துக்குப் போனார். தமிழில் இரண்டும் ஒரே வேரில் நிற்கும்.

சரி, இந்தச் சொல் இல்லாமல் ஒப்பீடே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இத்தாலியையும் அமெரிக்காவையும் தனித்தனிப் பெட்டிகளாக வைத்து, ‘இரண்டிலும் பேரம் இருக்கிறது, ஆகவே வழக்குச் சுமை கூடினால் பேரம் பிறக்கும்’ என்று முடிவு கட்டினால் என்ன ஆகும்? ஒன்றைப் பார்த்து மற்றது எடுத்துக்கொண்டிருந்தால் அவை இரண்டு சான்றுகள் ஆகாது. 1888இல் மானிடவியலில் பிரான்சிஸ் கால்டன் எழுப்பிய அதே கேள்விதான். பட்டியலில் இதைக் ‘கால்டன் சிக்கல்’ என்றே வைத்துவிடலாம், அதற்குத் தனிச்சொல் தேட வேண்டியதில்லை.

பெயர்நடவுக்குள் அடங்காதது ஒன்று மிச்சம். 1989இல் ஜி7 நாடுகள் அமைத்த எஃப்ஏடிஎஃப் என்ற பன்னாட்டு நிதி நடவடிக்கைக் குழு, அடுத்த ஆண்டே கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதற்கு எதிராக 40 பரிந்துரைகளை வெளியிட்டது. உடன்படிக்கை அல்ல, யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் குறைபாடுள்ள நாடுகளைக் கண்காணிக்க அது வெளியிடும் சாம்பல் பட்டியலில் பெயர் வந்துவிடும் என்ற பயத்தில் நாடுகள் தங்கள் குற்றச் சட்டங்களைத் திருத்துகின்றன. எந்த ஒரு நாட்டின் மண்ணிலிருந்தும் பெயர்த்ததல்ல இது. ‘நெறிப்பரவல்’ என்றால் தானாகப் பரவுவது போல ஒலிக்கிறது; ‘நெறித்திணிப்பு’ என்றால் தீர்ப்பே சொல்லிவிட்டது போல ஆகிறது. இடைப்பட்ட சொல் ஒன்று யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.