கலைச்சொல் வேண்டும்: கார்னே (வெள்ளிக்குள்)

திருப்பூர், மொழிபெயர்ப்பாளர்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. சொந்தக் காரை முதல்முறையாக வெளிநாட்டுக்கு எடுத்துப்போய் ஓட்டுபவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பதிவுச் சான்று, காப்பீடு, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. ‘கார்னே’ ஒன்றுக்குத்தான் தமிழ் அமையவில்லை.

பிரெஞ்சில் முழுப்பெயர் ‘கார்னே த பசாஜ் ஆன் துவான்’. ஒரு நாட்டுக்குள் காரோடு போனால் சுங்கத்துறை அதை இறக்குமதியாகத்தான் பார்க்கும், வரி கேட்கும். விற்க வரவில்லை, ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுபோய்விடுவேன் என்பதற்குப் பிணையாக இந்தப் புத்தகத்தை நீட்டினால் வரியில்லாமல் விடுவார்கள். 1954-இல் நியூயார்க்கில் ஏற்பட்ட சுங்க உடன்படிக்கை இதற்கு அடிப்படை. இங்கே மும்பையிலுள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் அசோசியேஷன் வழங்குகிறது. வண்டியின் மதிப்பையும் போகிற நாட்டையும் பார்த்து வங்கி உத்தரவாதமோ வைப்புத்தொகையோ கேட்பார்கள். ஓராண்டு செல்லும். 5, 10, 25 தாள் என்று புத்தகம் கிடைக்கும்.

ஒவ்வொரு தாளிலும் மூன்று பகுதி. நாட்டுக்குள் நுழையும்போது அதிகாரி ஒரு பகுதியைக் கிழித்து வைத்துக்கொண்டு, புத்தகத்தில் தங்கும் பகுதியில் முத்திரை குத்துவார். வெளியேறும்போது இரண்டாம் பகுதியைக் கிழித்துக்கொண்டு, தங்கும் பகுதியில் இன்னொரு முத்திரை. அந்த மூன்றுக்கும் பெயர் வேண்டும். இப்போதைக்கு ‘சுங்க அனுமதிச் சீட்டு’ என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

கோபி, தமிழாசிரியர்:

அம்மணி, சீட்டை முதலில் எடுத்துவிடுங்கள். நம் பக்கம் சீட்டு என்றால் ஏலச்சீட்டு. சொல்லுக்கும் அலைய வேண்டியதில்லை, வள்ளுவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: ‘உறுபொருளும் உல்கு பொருளும்தன் ஒன்னார்த் தெறுபொருளும் வேந்தன் பொருள்’ (756). உல்கு என்றால் சுங்கம். பரிமேலழகர் அதை எப்படி விளக்குகிறார் பாருங்கள்: ‘கலத்தினும் காலினும் வரும் பண்டங்கட்கு இறையாயது’. கப்பலில் ஏற்றிப் போகிற காருக்கும் தரைவழியே எல்லை தாண்டும் காருக்கும் இதைவிடப் பொருத்தமான உரை எங்கே கிடைக்கும்? பெரும்பாணாற்றுப்படை ‘உல்குடைப் பெருவழி’ என்கிறது. உலா, உலவு, உலகு எல்லாம் ‘உல்’ என்னும் வேரில் பிறந்தவை என்பர். உலவும் பண்டத்தின் மேல் விழும் இறை உல்கு என்பது என் துணிபு.

எனவே ‘உல்கேடு’. முத்திரைக்கும் பட்டினப்பாலை வழிகாட்டுகிறது. புகார்த் துறையில் பண்டங்களைப் ‘புலி பொறித்துப் புறம் போக்கி’னார்கள். நுழைவுப் பொறி, வெளியேற்றப் பொறி என்று இரண்டு சொல்லும் அதிலேயே கிடைத்துவிடுகின்றன.

நாமக்கல், லாரி போக்குவரத்து:

ஐயா சொல்றது படிக்க நல்லாருக்குதுங்க. ஆனா இந்தப் புத்தகத்தைக் கையில வெச்சுட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லையில நிக்கறவனுக்குப் புரியோணும். அவன் பக்கமிருந்து மூணு விசயம் சொல்றேன்.

ஒண்ணு, ‘சுங்கம்’ இப்ப கைவிட்டுப் போன சொல்லுங்க. வண்டி ஓட்டறவனுக்குச் சுங்கம்னா விஜயமங்கலம் சுங்கச்சாவடி. சுங்கச் சீட்டு, சுங்க அனுமதினு அச்சடிச்சா ஃபாஸ்டாக் சமாச்சாரம்னுதான் நெனப்பான், பக்கத்தைத் திருப்பிருவான். ரெண்டு, உல்கேட்டைக் கண்ணு ‘உல் கேடு’னுதான் படிக்குது. மூணு, பொறின்னா இன்னைக்குப் பொறியியல். ‘வெளியேற்றப் பொறி’னு போட்டா எஞ்சின் பாகம்னு எடுத்துக்குவாங்க. முத்திரை முத்திரையாவே இருக்கட்டும்.

ஆர்.சி. புக்குனு சொல்லிச் சொல்லி ‘புக்கு’ நம்ம சொல்லே ஆயிருச்சு. ‘கார்னே புத்தகம்’னு போடுங்க அம்மணி. அங்க அதிகாரியும் கார்னேனுதான் கேப்பான். காதுல விழற சொல்லும் கையேட்டுல இருக்கற சொல்லும் ஒண்ணா இருந்தாத்தான் உதவும். மூணு பகுதிக்குச் சிரமமே இல்லைங்க: ரசீது புத்தகத்துல தங்கறதை அடிக்கட்டைனுதான் எல்லாருஞ் சொல்றோம். நுழைவுத் துண்டு, வெளியேறும் துண்டு, அடிக்கட்டை.

இன்னொண்ணு. நேபாளம் போறவங்களுக்குக் கார்னே தேவையில்லைனு கையேட்டுல தெளிவா போடுங்க. இந்தியப் பதிவு வண்டிக்கு எல்லையிலயே ‘பன்சார்’னு நேபாளச் சுங்க ரசீது போடுவாங்க, நாள் கணக்குக்குப் பணம். திரும்பற நாளை இறுக்கமா சொல்லாம ஒண்ணு ரெண்டு நாள் சேத்தே எழுதிக்கோணும். மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு நின்னா நாள் தாண்டிரும், அபராதம் வரும். காப்பீட்டுல நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு, இந்த ஆறுக்கும் கூடுதல் பிரீமியங் கட்டி நீட்டிக்கலாம். அதுக்கு அந்தப் பக்கம் போனா அந்தந்த நாட்டுலதான் பாலிசி எடுக்கோணும்.

கோவை, வாகனப் பொறியியல் ஆசிரியை:

சுங்கம் பற்றி நாமக்கல் அண்ணா சொல்வது சரி. கோவையில் அது திருச்சி ரோட்டில் ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராகவும் இருக்கிறது. ஆனால் சொல்லைத் தேடும் இடமே தவறு என்று நினைக்கிறேன். இந்த ஏட்டின் உயிர் நுழைவில் இல்லை, வெளியேறுவதில் இருக்கிறது.

நுழைவு முத்திரையை யாரும் தவறவிடுவதில்லை. அது இல்லாமல் வண்டி நகராது. வெளியேறும்போதுதான் பிசகுகிறது. கடவுச்சீட்டில் முத்திரை வாங்கியதும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். பல எல்லைகளில் குடிநுழைவுச் சாளரம் வேறு, சுங்கச் சாளரம் வேறு. அடிக்கட்டையில் வெளியேறும் முத்திரை இல்லையென்றால், அந்த நாட்டுக் கணக்கில் கார் இன்னும் உள்ளேதான் நிற்கிறது. வரி கேட்டு ஏடு கொடுத்த சங்கத்துக்குக் கடிதம் வரும். சங்கம் வங்கி உத்தரவாதத்தில் கைவைக்கும். அப்புறம் கார் வேறு நாட்டில் இருப்பதாகச் சுங்க அதிகாரியிடமோ தூதரகத்திலோ இருப்பிடச் சான்று வாங்கிப் போராட வேண்டும். ஒரு தாள் ஒரு வரவுக்கும் ஒரு போக்குக்கும்தான் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். அதே நாட்டுக்குள் மறுபடி நுழைந்தால் இன்னொரு தாள் போகும். ஐந்து தாள் புத்தகம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஆகவே பெயரே கடமையைச் சொல்ல வேண்டும்: ‘மீள்வரவேடு’. மீண்டு வருவேன் என்ற உறுதியின் ஏடு.

முதல் பக்கத்தின் விவரங்களையும் கையேட்டில் விரிவாகத் தாருங்கள். பதிவெண், உற்பத்தி ஆண்டு, எடை, மதிப்பு, சேசிஸ் எண், எஞ்சின் எண், சிலிண்டர் எண்ணிக்கை, நிறம், இருக்கை உறை, ரேடியோ, உபரி டயர் என்று போகும். சேசிஸ் எண்ணைப் பதிவுச் சான்றைப் பார்த்து எழுதாமல், வண்டியிலேயே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒப்பிட வேண்டும். 17 எழுத்துகள். அதில் ‘ஐ’, ‘ஓ’, ‘க்யூ’ ஆகிய மூன்று ஆங்கில எழுத்தும் வரவே வராது. ‘ஓ’ போலத் தெரிந்தால் அது சுழியம், ‘ஐ’ போலத் தெரிந்தால் ஒன்று. இங்கே ஒரு எழுத்துப் பிழை இருந்தால் துறைமுகத்தில் கண்டெய்னரைத் திறந்ததும் வேலை நின்றுவிடும். எஞ்சின் மாற்றிய வண்டியானால் பதிவுச் சான்றில் திருத்தம் ஏறிய பிறகே கார்னேக்கு எழுத வேண்டும்.

கோபி, தமிழாசிரியர்:

‘கேடு’ தெரிகிறது என்பதை ஏற்க மாட்டேன். குறிப்பேட்டில் ‘பேடு’ இருக்கிறது, பதிவேட்டில் ‘வேடு’ இருக்கிறது. யார் தடுக்கி விழுந்தார்கள்? கொங்குக்குப் பெருவழி புதிதும் அன்று. பாலக்காட்டுக் கணவாய்க்குப் போகும் வழியில், சுண்டக்காமுத்தூர்ப் பக்கம், இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு தமிழிலும் வட்டெழுத்திலும் நிற்கிறது. வண்டிப்பாதைக்குக் கல்லில் பெயர் வெட்டிய மண்ணிலிருந்துகொண்டு ‘கார்னே புத்தகம்’ என்று எழுதத்தான் வேண்டுமா?

ஈரோடு, அகராதி வேலையில் இருப்பவர்:

கோபி ஐயாவுக்கு வணக்கம். உல்கு, சுங்கம் இரண்டையும் வடமொழிச் ‘சுல்க’த்தின் திரிபு என்று கொள்வோர் உண்டு. அந்த வழக்கை வெள்ளிக்குள் தீர்க்க முடியாது. தூய்மையைக் காட்டி ஒன்றைத் தள்ளி மற்றதை எடுப்பதற்கு அடிப்படை உறுதியாக இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

என் முன்வைப்பு ‘வண்டிக் கடவேடு’. கடவுச்சீட்டு எல்லாருக்கும் தெரியும். ஆளுக்குக் கடவுச்சீட்டு, வண்டிக்குக் கடவேடு. ஏடு என்பதால் பல தாள் கொண்டது என்பதும் விளங்கும். ‘வண்டிக்குப் பாஸ்போர்ட்’ என்று வாய்வழி விளக்குவதும் எளிது.

கோபி, தமிழாசிரியர்:

கடவு + ஏடு எப்படிக் கடவேடு ஆகும்? ‘வு’ வல்லினம் ஊர்ந்த உகரமன்று, எனவே குற்றியலுகரமன்று. முற்றியலுகரம் இருக்க, உடம்படுமெய் வந்து ‘கடவுவேடு’ என்றல்லவா நிற்க வேண்டும்?

ஈரோடு:

நன்னூல் 164 அதற்கும் இடம் தருகிறது ஐயா: ‘முற்றும் அற்று ஒரோவழி’. முற்றியலுகரமும் சிலபோது மெய்விட்டு ஓடும். கதவு + அழகிது, கதவழகிது. பதிவு + ஏடு, பதிவேடு. நீங்களே மேலே எடுத்துக்காட்டிய சொல்.

கோபி, தமிழாசிரியர்:

புணர்ச்சியை ஒப்புக்கொள்கிறேன். சொல்லை ஒப்பவில்லை. கடவு வெறும் வழி. எந்த வழி, எதற்கு வரி என்பது அதில் இல்லை. உல்கில் இருக்கிறது.

காங்கேயம், கார் பட்டறை:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கோணும். வலப்பக்கம் ஓட்டற நாட்டுக்கு நம்ம காரைக் கொண்டுபோனா ஹெட்லைட் கண்ணாடி மேல ஒட்டறதுக்கு ஒண்ணு வருதே, அதுக்கும் சேத்தி ஒரு சொல் சொல்லுங்க. ‘ஒளிவிலக்கி’ சரியாகுமா? கையேட்டுல அது இருக்கோணும்ங்க, நெறையப் பேரு அதை நெனைக்கறதே இல்லை.

கோவை, வாகனப் பொறியியல் ஆசிரியை:

நல்ல வேளை கேட்டீர்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக் காரில் டிம் போட்டால் ஒளி ஒரே மட்டமாக விழாது. நடைபாதையும் பலகையும் தெரிவதற்காக இடது ஓரத்தில் மேலேறி விழும். ஐக்கிய அரபு அமீரகம், ஈரான் போன்ற வலப்பக்க நாடுகளில் அந்த இடது ஓரத்தில்தான் எதிர்வண்டி வருகிறது. ஏறுகிற ஒளி நேராக அவர் கண்ணில் அடிக்கும். நேபாளம், வங்கதேசம், தாய்லாந்து, மலேசியா எல்லாம் நம்மைப் போல இடப்பக்கம், அங்கே இது வேண்டாம்.

ஒட்டுவதில் இரண்டு வகை. ஒன்று பட்டக வரிகள் கொண்ட ஒளிபுகும் தாள், ஒளியைத் திருப்பும். மற்றது கறுப்பு நாடா, அந்தத் துண்டை மறைக்க மட்டும் செய்யும். ஒளிவிலகல் என்று பள்ளியில் படித்தது முதல் வகைக்கே பொருந்தும். இரண்டையும் அடக்க வேண்டுமானால் ‘டிம் ஒளி மறைப்பு’ என்றே விட்டுவிடலாம். எந்த இடத்தை மறைப்பது என்பதைக் கண்மதிப்பில் முடிவுசெய்யக் கூடாது. இரவில் சுவருக்கு எதிரே காரை நிறுத்தி, டிம் போட்டு, தாளைக் கண்ணாடி மேல் நகர்த்தி, சுவரில் ஏறுகிற முக்கோணம் மறைகிற இடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு ஒட்ட வேண்டும். சில புரொஜெக்டர் விளக்குகளில் உள்ளேயே ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளினால் போதும், எதுவும் ஒட்ட வேண்டியதில்லை.

நாமக்கல், லாரி போக்குவரத்து:

அப்படியே இந்திய வண்டினு காட்ட பின்னாடி ஒட்டற ‘ஐ.என்.டி.’ வில்லையோட அளவையும் போட்டுருங்க. 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி வெள்ளை நீள்வட்டம், கறுப்பு எழுத்து. எழுத்து உயரம் 80 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, கோட்டுத் தடிமன் 10. மூணு எழுத்துங்கறதால நீள்வட்டம் 240-க்கு 145 இருக்கோணும். கடையில கிடைக்கற சின்ன ஸ்டிக்கரெல்லாம் மூணு எழுத்துக்குப் பத்தாது.

திருப்பூர், மொழிபெயர்ப்பாளர்:

எல்லாருக்கும் நன்றிங்க. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். தனி அஞ்சலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ‘வண்டிக் கடவேடு’ பக்கம்தான் பெரும்பான்மை. அதையே எடுக்கிறேன். முதல் வருகையில் அடைப்புக்குள் ‘கார்னே’, நாமக்கல் அண்ணா சொன்ன காரணத்துக்காக. பகுதிகள் மூன்றும் அவர் சொன்னபடியே: நுழைவுத் துண்டு, வெளியேறும் துண்டு, அடிக்கட்டை. சுங்கத்துறை என்று வருமிடங்களில் ‘எல்லைச் சுங்கம்’ என்று எழுதுகிறேன், சாவடிக் குழப்பம் வராது. உல்கு பின்னிணைப்பில் இடம்பெறும், ஐயா.

கோபி, தமிழாசிரியர்:

பின்னிணைப்பில் கிடக்கும் சொல் வழக்குக்கு வராது, அம்மணி. என் எதிர்ப்பைப் பதிவு செய்துவிடுங்கள். அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுதுவேன்.

கோவை, வாகனப் பொறியியல் ஆசிரியை:

கடவேடு எனக்கும் முழு நிறைவில்லை. போவதைச் சொல்கிறது, திரும்புவதைச் சொல்லவில்லை. வகுப்பில் மீள்வரவேடு என்றே சொல்லிக்கொடுக்கப் போகிறேன். பெயரில் வராததை அந்தப் பக்கத்தின் அடியில் தடித்த எழுத்தில் போட்டுவிடுங்கள்: ‘அடிக்கட்டையில் இரண்டாவது முத்திரை விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே எல்லையிலிருந்து வண்டியை எடுக்கவும்.’