கலைச்சொல்: ‘ரீவெஜிடேஷன்’ – ‘திணைமீட்பு’ சரியாக வருமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வணக்கம்.

‘ரீவெஜிடேஷன்’, அதாவது செடிகொடி இழந்த நிலத்தில் மீண்டும் அவற்றை வளர்ப்பது, என்பதற்கு நம் குழுவில் அக்கா முன்வைத்த ‘மறுபசுமையாக்கம்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் நிலத்துக்கு அது போதாது. கறுப்பு வாட்டில் மரத்தை 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து, பட்டைக்காகத் தோட்டம் தோட்டமாக நட்டார்கள். இன்று அது ஓடைக்கரையெல்லாம் ஏறி நீரை உறிஞ்சுகிறது. 1995 முதல் அரசே கூலி கொடுத்து இப்படிப்பட்ட அயல் மரங்களை வெட்டவைக்கிறது. வாட்டில் மூடிய சரிவுகள் வருடம் முழுக்கப் பச்சைதான்! பசுமையாக்குவதுதான் வேலை என்றால் வாட்டில் அதை எப்போதோ முடித்துவிட்டது. வெட்டியபின் வெறுமையாய்க் கிடக்கும் மண்ணுக்கு, அதற்கு உரிய செடிகளையே திரும்பக் கொண்டுவருவதைச் சொல்லும் சொல் வேண்டும்.

ஐயா சொன்ன ‘மறுகாடாக்கம்’ சில இடங்களுக்குப் பொருந்தும். வெருலம் பக்கம் பஃபல்ஸ்டிராய் குப்பைமேட்டைச் சுற்றி, பழைய கரும்புத் தோட்டத்தில் 2008 முதல் உள்நாட்டு மரங்களை நட்டார்கள். அது காடாக்கம்தான். ஆனால் எங்கள் மாகாணமான குவாசூலு நேட்டாலில் பல இடங்கள் இயல்பிலேயே புல்வெளி. அங்கே மரத்தை நிரப்பினால் புல்வெளி கெடும்.

நாற்றங்காலில் நான் வளர்க்கும் கல்பூர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைக் குடும்பத்துப் புதர். ஆளுயரம் தாண்டும், கொன்றை போலச் சரம்சரமாக மஞ்சள் பூ தொங்கும். ஜூலு மொழியில் ‘உம்கிபாம்பேத்து’, அதாவது புழு எடுப்பது. புண்ணில் வைத்த புழுவைக் கொல்ல உதவியதால் அந்தப் பெயர். தென்னிந்திய மலைகளிலும் இது தானாக வளர்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். விதைத்தோல் கெட்டி. சுடுநீர் ஊற்றி இரவு முழுக்க விட வேண்டும். காலையில் உப்பியிருப்பதை விதைக்கலாம். உப்பாமல் கிடப்பதை, முளைக்கண் இல்லாத பக்கமாக நகவெட்டியால் லேசாகக் கிள்ளி, மறுபடி ஊறப்போட வேண்டும். வேர்முடிச்சுகள் தழைச்சத்தை (நைட்ரஜனை) சேர்ப்பதால் சத்துக் குறைந்த மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும். வாட்டிலும் இதே குடும்பம்தான், அதுவும் தழைச்சத்துச் சேர்க்கும். எந்த மண்ணைச் சேர்ந்தது என்பதில்தான் வேறுபாடு. அப்புறம், கல்பூர்னியா காட்டோரத்துச் செடி. திறந்த புல்வெளியின் நடுவில் நான் இதையும் நடமாட்டேன்.

ஆகவே ‘திணைமீட்பு’ என்று வைக்கலாம் என்கிறேன். நிலைத்திணை என்றால் தாவரம். ஐந்திணையில் குறிஞ்சியும் முல்லையும் அந்தந்த நிலத்துப் பூவின் பெயரையே தாங்குகின்றன. எந்த நிலத்துக்கு எந்தச் செடி என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘திணைமீட்புப் பணி’, ‘திணைமீட்பு நாற்று’ எல்லாம் தடையில்லாமல் வருகின்றன.

ஒரு சிக்கல் உண்டு. இங்கே புதிதாகத் தமிழ் படிக்கும் பிள்ளைகள் தினை என்ற தானியத்தோடு குழப்பிக்கொள்ளலாம். அறிவிப்புப் பலகையிலும் பாடத்திலும் ‘நிலத்திணை மீட்பு’ என்று விரித்து எழுதினால் சரியாகிவிடும்.

விதைத்தோலைக் கிள்ளும் வேலைக்கும், அதாவது ‘ஸ்காரிஃபிகேஷன்’ என்பதற்கும், நம் பட்டியலில் இன்னும் சொல் இல்லை. நான் ‘தோல்கீறல்’ என்று எழுதிவருகிறேன். அக்கா, ஐயா, இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.